ஸ்டெபிலைசர் பார்: தேய்ந்த லிங்க்கையும் புஷ்ஷையும் நீங்களே மாற்றலாம்

கரடுமுரடான பாதையில் கார் மெதுவாகப் போகும்போது முன்பக்கத்திலிருந்து ‘டக்... டக்’ என்று வறண்ட சத்தம் வருகிறது. வேகம் எடுத்தால் மற்ற இரைச்சலில் அமுங்கிப்போகிறது. சாலையின் முழு அகலத்துக்கும் போட்ட வேகத்தடையில் ஏறி இறங்கினால் பெரிதாக ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சின்னக் குழியில் இறங்கி ஏறினால் உடனே தட்டுகிறது. இந்த அறிகுறிகள் சேர்ந்து வந்தால், சாக் அப்சார்பர் போய்விட்டது என்று முடிவுகட்டிப் பணத்தை இறைக்கும் முன் ஸ்டெபிலைசர் பாரின் லிங்க்கையும் புஷ்ஷையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

சஸ்பென்ஷனில் முதல் முறையாகக் கை வைப்பவருக்கு இது நல்ல தொடக்கம். ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டாம், பிரேக்கைத் தொட வேண்டாம், பெரும்பாலான கார்களில் வீல் அலைன்மென்ட்டும் கலையாது. துரு மட்டும் கொஞ்சம் படுத்தும். அதற்கும் வழி இருக்கிறது. உதிரிபாகப் பெட்டியில் ஸ்வே பார், ஆன்டி ரோல் பார், ஸ்டெபிலைசர் பார் என்று எது எழுதியிருந்தாலும் குழம்ப வேண்டாம், எல்லாம் ஒன்றுதான்.

பார் என்ன செய்கிறது

முன்சக்கரங்களுக்கு நடுவே குனிந்து பார்த்தால் ‘ப’ வடிவில் வளைந்த ஒரு கனமான கம்பி, வண்டியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஓடுவது தெரியும். ஸ்பிரிங் செய்யும் எஃகில் செய்தது. அதன் நடுப்பகுதி இரண்டு ரப்பர் புஷ்களுக்குள் (பாரைச் சுற்றிப் பிடிக்கும் ரப்பர் கட்டிகள்) உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு புஷ்ஷையும் ஒரு பிராக்கெட், வண்டியின் அடியில் இருக்கும் சப்ஃபிரேம் என்ற இரும்புச் சட்டத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருக்கும். பாரின் இரண்டு முனைகளிலிருந்தும் ஆளுக்கொரு லிங்க் (இணைக்கும் சிறு தண்டு) கிளம்பி, அந்தந்தப் பக்கத்து ஸ்ட்ரட்டிலோ (ஸ்பிரிங்கும் சாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) லோயர் ஆர்மிலோ (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை) போய்ச் சேரும்.

இரண்டு சக்கரமும் ஒரே அளவு மேலேறினால் பார் தன் புஷ்ஷுக்குள் சும்மா உருளும், வேறு வேலை இல்லை. ஒன்று ஏறி மற்றது ஏறாமல் நின்றால்தான், ஈரத் துணியை இரு கையால் பிழிவதுபோல் பார் முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கு விரியப் பார்க்கும் விசைதான் வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்வதைக் குறைக்கிறது. முழு வேகத்தடையில் சும்மா இருந்த லிங்க் ஒற்றைக் குழியில் தட்டுவதும் இதனால்தான்: முறுக்கு ஏறி இறங்கும்போது தேய்ந்த இடத்தில் இருக்கும் இடைவெளி திறந்து மூடுகிறது.

யோசனை பழையது. கனடாவைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் என்பவருக்கு 1919இலேயே இதற்குக் காப்புரிமை கிடைத்துவிட்டது. பாரின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கோடு கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். 22 மி.மீ. பாரும் 24 மி.மீ. பாரும் கையில் பிடித்தால் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் மற்ற அளவுகள் ஒன்றாக இருந்தால், தடித்தது சுமார் 40 சதவீதம் அதிக விறைப்பு. அதனால் ஒரே மாடல் காரிலேயே எஞ்சினையும் வகையையும் பொறுத்து வெவ்வேறு விட்டத்தில் பார் வரும். புஷ் வாங்கப் போகும்போது இது முக்கியம்.

இனி இந்த வேலை முழுவதற்கும் ஒரே ஒரு விதி: பார் முறுக்கேறி இருக்கும்போது எதையும் சோதிக்காதீர்கள், கழற்றாதீர்கள், இறுக்காதீர்கள். இரண்டு சக்கரமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்று, இரண்டும் தரையில் நிற்கட்டும். இல்லையென்றால் இரண்டும் காற்றில் தொங்கட்டும். ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி வேலை பார்ப்பதுதான் புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம். நட்டு கழன்று வந்த பிறகும் லிங்க் வெளியே வராமல் அடம் பிடித்தாலும், புது லிங்க் ஓட்டைக்கு நேராக வராமல் நின்றாலும், பத்துக்கு ஒன்பது தடவை காரணம் இதுதான்.

லிங்க்கா, புஷ்ஷா, வேறு ஏதாவதா

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சாவியை எடுக்கும் முன்பே ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி வைத்தால் டயருக்குப் பின்னால் கை போக இடம் கிடைக்கும். இப்போதுதான் ஓட்டி வந்த வண்டி என்றால் பிரேக் டிஸ்க் ஆறும் வரை பொறுங்கள்.

லிங்க்கை நடுவில் இறுகப் பிடித்து மேலும் கீழும், முன்னும் பின்னும் வெடுக்கென்று ஆட்டுங்கள். இரு முனையிலும் சின்ன பால் ஜாயின்ட் (குழிக்குள் உருண்டை சுழலும் மூட்டு) இருப்பதால், லிங்க் தன் அச்சில் கொஞ்சம் புரள்வது தவறில்லை. ஆனால் பாரையோ ஸ்ட்ரட்டையோ விட்டு விலகி ‘டிக்’ என்று அடித்தால் அது போய்விட்டது. ரப்பர் உறை கிழிந்து, உள்ளே கிரீஸுக்குப் பதிலாகச் சிவப்புத் துருப்பொடி தெரிந்தாலும் அதே தீர்ப்புதான், சத்தம் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றாலும் சரி.

ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் தூக்கிவிட்டு இதே சோதனையைச் செய்தால் என்ன ஆகும்? முறுக்கேறிய பார் லிங்க்கை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நன்றாகத் தேய்ந்த லிங்க்கூட கல் மாதிரி இறுகி நிற்கும். ‘லிங்க் நல்லாத்தான் இருக்கு’ என்று ஒர்க்‌ஷாப்பிலிருந்து திரும்பி வரும் வண்டிகளில் பல இப்படி வந்தவையே.

புஷ்ஷுக்கு இன்னொருவர் உதவி வேண்டும். அவர் வெளியே நின்று வண்டியின் மேல்பகுதியைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளி விடட்டும். நீங்கள் பார் புஷ்ஷுக்குள் நுழையும் இடத்தில் விரலை வைத்துக்கொள்ளுங்கள். பாருக்கும் ரப்பருக்கும் இடையே இடைவெளி திறந்து மூடுவது விரலுக்குத் தெரியும். புஷ்ஷை ஒட்டிப் பாரின்மேல் பளபளவென்று தேய்ந்த வளையம் இருந்தால் அதுவும் சான்றுதான். சத்தமும் கொஞ்சம் வேறுபடும். லிங்க் கூர்மையாகத் தட்டும். புஷ் மந்தமாக ‘தொம்’ என்று இடிக்கும், அல்லது ரப்பர் காய்ந்து போயிருந்தால் மெதுவாக வளைத்து ஏறும்போது ‘க்ரீச்’ என்று முனகும்.

இன்னமும் சந்தேகமா? இரண்டு லிங்க்கையும் முழுதாகக் கழற்றிவிட்டு, பாரின் முனைகள் எதிலும் இடிக்காதபடி கட்டி வைத்து, அதே கரடான பாதையில் நடை வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் விவகாரம் இந்தப் பாரைச் சுற்றித்தான் இருக்கிறது. நிற்கவில்லை என்றால் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், ஸ்ட்ரட்டின் மேல் மவுன்ட், ஸ்டியரிங் ராடின் முனை என்று தேட வேண்டும். பார் இல்லாத வண்டி வளைவில் பழக்கமில்லாத அளவுக்குச் சாயும். சோதனைக்கு மட்டும்தான் இது, பிரதான சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

உடைந்த லிங்க்கோடு வண்டி ஓடும்தான். ஆனால் தொங்கும் துண்டு பிரேக் ஹோஸிலோ டயரிலோ உரசினால் சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும். திடீரென்று விலகித் திருப்ப வேண்டி வந்தால் வண்டி நீங்கள் எதிர்பார்ப்பதுபோல் நடந்துகொள்ளாது. தள்ளிப்போடாதீர்கள்.

பாகம் வாங்கும்போது

சேசிஸ் எண்ணைச் சொல்லி வாங்குவதே நல்லது. முன்பக்க லிங்க் வேறு, பின்பக்க லிங்க் வேறு. சில கார்களில் இடதும் வலதும்கூட வேறு. புஷ்ஷுக்கு, பழைய புஷ்ஷை ஒட்டிய இடத்தில் பாரைத் துடைத்துவிட்டு வெர்னியர் காலிப்பரால் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். ஒரு மி.மீ. பெரிய புஷ் போட்டால் முதல் நாளிலிருந்தே ஆடும். சிறியது போட்டால் பிராக்கெட் உட்காராது.

இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் தேய்ந்தால் மறுபக்கமும் அதே தூரம் ஓடியதுதானே. லிங்க்கை மாற்றும்போதே புஷ்ஷையும் மாற்றிவிடலாமா என்றால், பிராக்கெட் போல்ட்டுக்குக் கை எட்டும் வண்டியாக இருந்தால் மாற்றிவிடுங்கள். சில கார்களில் பார் சப்ஃபிரேமுக்கு மேலே படுத்திருக்கும். புஷ்ஷைத் தொட வேண்டுமானால் சப்ஃபிரேமையே கீழே இறக்க வேண்டும். அது இந்த அளவு வேலை இல்லை, அப்புறம் அலைன்மென்ட்டும் பார்க்க வேண்டி வரும். அப்படிப்பட்ட வண்டியில் லிங்க்கை நீங்கள் மாற்றுங்கள், புஷ்ஷைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

பிளாஸ்டிக் உடலோடு வரும் லிங்க்கைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். பல கார்கள் தொழிற்சாலையிலிருந்தே அப்படித்தான் வருகின்றன. கனம் குறைவு, துருப்பிடிக்காது. பாலியூரத்தேன் புஷ் பற்றியும் கேட்பார்கள். அது ரப்பரைவிடக் கெட்டி, பாரை இறுகப் பிடிக்கும். கூடவே சாலையின் அதிர்வையும் கொஞ்சம் உள்ளே கொண்டுவரும், கிரீஸ் வற்றினால் முனகும். அன்றாடம் ஓட்டும் காருக்கு, தொழிற்சாலை அளவில் வரும் சாதாரண ரப்பர் புஷ்ஷே போதும் என்பது என் கட்சி.

ஒரு எச்சரிக்கை. சில கார்களில் புஷ் பாரோடு ஒட்டியே வார்க்கப்பட்டிருக்கும். தனியாகக் கழலாது, பாரோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். மோட்டாராலோ ஹைட்ராலிக்காலோ இயங்கும் பார் உள்ள வண்டி என்றால் இந்தக் கட்டுரை அதற்கு இல்லை.

கருவிகள்

ஜாக்கி, இரண்டு ஜாக்கி ஸ்டாண்டு, பின்சக்கரத்துக்கு வைக்கக் கட்டை. ரிங் ஸ்பானர், சாக்கெட் செட். லிங்க் நட்டுகள் பெரும்பாலும் 14 முதல் 18 மி.மீ.க்குள் இருக்கும். ஆலன் கீ செட், சில கார்களுக்கு நட்சத்திர முனை. வைஸ் கிரிப் (கவ்விப் பூட்டிக்கொள்ளும் இடுக்கி), வயர் பிரஷ், துருவை இளக்கும் ஸ்பிரே, டார்க் ரென்ச் (எவ்வளவு இறுகியது என்று அளந்து காட்டும் ஸ்பானர்). பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். அடியில் படுத்து மேலே பார்த்து வேலை செய்யும்போது துரு நேராகக் கண்ணில்தான் விழும்.

முடிந்தால் முந்தின நாளே நட்டின் வெளியே நீளும் திரெட்டை (மரையை) வயர் பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்து ஸ்பிரே அடித்து வையுங்கள். மறுநாள் காலை இன்னொரு தடவை. ஐந்து நிமிட வேலை, மறுநாள் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும். பிரேக் டிஸ்க்கிலும் பேடிலும் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டியைத் தூக்குதல்

கெட்டியான சமதளம். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில், ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைக் கால் சுற்று தளர்த்திவிடுங்கள். பிறகு, வண்டியோடு வந்த கையேட்டில் காட்டிய இடத்தில் ஜாக்கி வைத்து ஒரு பக்கம் தூக்கி ஸ்டாண்டு கொடுங்கள், அப்புறம் மறுபக்கம், இரண்டு ஸ்டாண்டும் ஒரே உயரத்தில். வண்டியைக் கையால் நன்றாக ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். ஆடினால் இறக்கி மறுபடி வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் உடம்பை விடவே கூடாது. கழற்றிய சக்கரங்களை இரு பக்கமும் வண்டிக்கு அடியில் படுக்க வைத்துவிட்டால் அதுவும் ஒரு காவல்.

இப்போது இரண்டு சக்கரமும் ஒன்றுபோலத் தொங்குகின்றன, பாரில் முறுக்கு இல்லை. கழற்றும் முன் எல்லாக் கோணத்திலும் போனில் படம் எடுத்து வையுங்கள். லிங்க் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, நட்டு உள்ளேயா வெளியேயா, ஏபிஎஸ் வயர் எந்த வழியாகப் போகிறது என்று எல்லாம் தெரிய வேண்டும். ஹெட்லைட்டின் உயரத்தைச் சரிசெய்யும் சென்சார் கம்பி சில வண்டிகளில் பக்கத்திலேயே லோயர் ஆர்மில் மாட்டியிருக்கும். அது மெல்லிய பிளாஸ்டிக், முழங்கை பட்டாலே உடையும்.

லிங்க்கைக் கழற்றுதல்

நட்டைத் திருப்பினால் லிங்க்கின் ஸ்டட்டும் (நட்டு ஏறியிருக்கும் மரைத் தண்டு) கூடவே சுற்றும். உள்ளே இருப்பது பால் ஜாயின்ட் ஆயிற்றே, சுற்றத்தான் செய்யும். அதைப் பிடித்துக்கொள்ள இரண்டு வழி வைத்திருப்பார்கள். ஸ்டட்டின் நுனியில் ஆலன் கீ போக ஒரு குழி இருக்கும், அல்லது ரப்பர் உறைக்குப் பின்னால் மெல்லிய ஸ்பானர் பிடிக்கத் தட்டையான இரண்டு பக்கங்கள் இருக்கும். ஆலன் குழியில் மண்ணும் துருவும் கெட்டியாக அடைத்திருக்கும். ஒரு ஊசியால் அடிவரை கிளறி எடுத்துவிட்டு, கீயைச் சுத்தியலால் மெல்லத் தட்டி முழு ஆழத்துக்கு இறக்குங்கள். பாதி ஆழத்தில் நிற்கும் கீதான் குழியை மழுங்கடிக்கும்.

ஆலன் கீயை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை ரிங் ஸ்பானரால் திருப்புங்கள். கால் சுற்று தளர்ந்ததும் மறுபடி பாதி இறுக்குங்கள், ஸ்பிரே அடியுங்கள், திரும்பத் தளர்த்துங்கள். நுனியில் உள்ள துருப்பிடித்த திரெட் வழியாக நட்டை ஒரே மூச்சில் வெளியே இழுக்கப் பார்த்தால் பாதியில் சிக்கிக்கொள்ளும். முன்னும் பின்னுமாகப் போனால் துரு பொடியாகி உதிர்ந்து வழிக்கு வரும்.

குழி மழுங்கிவிட்டதா? பரவாயில்லை, பழைய லிங்க் எப்படியும் குப்பைக்குத்தான். ரப்பர் உறையைக் கிழித்துவிட்டு, உள்ளே தெரியும் ஸ்டட்டை வைஸ் கிரிப்பால் கவ்வுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் அறுப்பதுதான். ஹாக்ஸா பிளேடு நேரம் பிடிக்கும், ஆனால் புதியவருக்குப் பத்திரமானது அதுதான். கிரைண்டர் எடுப்பதானால் பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர், அச்சின் ரப்பர் பூட் மூன்றையும் ஈரத் துணியால் மூடுங்கள். பொறி போகும் திசையில் எரிபொருள் குழாய் இருக்கிறதா என்று பாருங்கள், தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். நட்டை மட்டும் பிளந்தால் போதும், ஸ்ட்ரட்டில் லிங்க் மாட்டும் காதை வெட்டிவிடாதீர்கள்.

மேல் நட்டும் கீழ் நட்டும் போன பிறகு லிங்க் கையோடு வந்துவிட வேண்டும். வராமல் இறுகி நின்றால் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இல்லை என்று பொருள். தட்டிப் பிடுங்காதீர்கள். லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக்கியை வைத்து மெல்ல ஏற்றுங்கள். ஒரு கட்டத்தில் ஸ்டட் ஓட்டையின் நடுவுக்கு வந்து தானாகத் தளரும்.

பழைய மாடல்கள் சிலவற்றில் பால் ஜாயின்ட் லிங்க் இருக்காது. ஒரு நீளமான போல்ட்டு, நடுவில் ஒரு குழாய், மேலும் கீழும் ரப்பர் புஷ்களும் வாஷர்களும் அடுக்காகக் கோத்திருக்கும். கழற்றிய வரிசையிலேயே தரையில் வரிசையாக வைத்துவிடுங்கள். வாஷரின் குழிந்த பக்கம் ரப்பரைப் பார்த்திருக்க வேண்டும்.

புஷ்ஷை மாற்றுதல்

இரண்டு லிங்க்கும் கழன்றதும் பாரின் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். இப்போது பாரைப் பிடித்திருப்பது புஷ் மட்டும்தான். புஷ்ஷின் நிலைமை கைக்கே தெரிந்துவிடும்.

பிராக்கெட் போல்ட்டுகளில் அவசரம் வேண்டாம். இவை பெரும்பாலும் சப்ஃபிரேமுக்குள் பற்றவைத்த நட்டில் ஏறியிருக்கும். போல்ட்டு முறிந்தால் டிரில் போட்டு எடுக்க வேண்டி வரும். உள்நட்டு பிய்த்துக்கொண்டால் அதைவிடத் தலைவலி. அதே முன்னும் பின்னும் முறைதான், ஸ்பிரேயும் பொறுமையும். ஒரு பக்கத்துப் பிராக்கெட்டை முழுதாகக் கழற்றும்போது மறுபக்கத்தைத் தளர்த்தி மட்டும் வையுங்கள். பார் தலையில் விழாது, இடமும் மாறாது.

புஷ் ஒரு பக்கம் கீறலோடு இருக்கும், அந்தக் கீறல் வழியாகத்தான் பாரிலிருந்து கழற்றி மாட்டுவது. பழைய புஷ்ஷின் கீறல் முன்னால் பார்த்திருந்ததா, பின்னால் பார்த்திருந்ததா என்று கவனித்துப் புதியதையும் அப்படியே போடுங்கள். பாரின் உட்காரும் இடத்தைப் பளிச்சென்று சுத்தம் செய்யுங்கள். துருச்செதில்மேல் புது ரப்பரைப் போட்டால் அது உப்புத்தாளில் உருள்கிற கதைதான், சில மாதத்தில் தேய்ந்துவிடும். அந்த இடத்தில் பாரே குழிந்து மெலிந்திருந்தால் எந்தப் புஷ்ஷும் நிற்காது, பாரை மாற்ற வேண்டும்.

ரப்பர் புஷ்ஷுக்குச் சாதாரண கிரீஸோ எஞ்சின் ஆயிலோ தடவாதீர்கள். பெட்ரோலியப் பொருள் பட்டால் ரப்பர் ஊதிப்போய் மெத்தென்று ஆகிவிடும். உலர்ந்தபடியே போடலாம், ஏறவில்லை என்றால் சோப்புத் தண்ணீர். கையேடு அனுமதித்தால் சிலிக்கான் கிரீஸ். பாலியூரத்தேன் என்றால் கதை வேறு. அதோடு பொட்டலத்தில் வரும் கிரீஸை உள்பக்கம் தாராளமாகப் பூச வேண்டும்.

பிராக்கெட்டை மாட்டி, போல்ட்டுகளை விரலாலேயே நாலைந்து சுற்று ஏற்றுங்கள். விரலால் ஏறவில்லை என்றால் திரெட் மாறி ஏறுகிறது என்று அர்த்தம், உடனே வெளியே எடுங்கள். இரண்டு பக்கமும் மாட்டி முடியும்வரை எதையும் முழுதாக இறுக்காதீர்கள். பார் இடதுவலமாக நடுவில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில பார்களில் நகராமலிருக்க ஒரு வளையம் இருக்கும், புஷ் அதை ஒட்டி உட்கார வேண்டும்.

புது லிங்க்கும் இறுக்குதலும்

புதியதையும் பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீளம், ஸ்டட்டுகள் பார்க்கும் திசை, திரெட்டின் தடிமன் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். சில லிங்க்குகளில் இரண்டு ஸ்டட்டும் ஒரே பக்கம் பார்க்கும், சிலவற்றில் எதிரெதிராக. தலைகீழாகப் போட்டாலும் மாட்டிவிடும், பிறகு சக்கரம் திரும்பும்போது எங்காவது இடிக்கும்.

லிங்க்கை இரு ஓட்டையிலும் நுழைத்து, புது நட்டை விரலால் ஏற்றுங்கள். தளராமலிருக்க உள்ளே நைலான் வளையம் வைத்த பழைய நட்டைத் திரும்பப் போட வேண்டாம். அதன் பிடிப்பு ஒரு தடவைக்குத்தான். ஸ்டட் ஓட்டைக்கு நேராக வரவில்லை என்றால் லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக்கியை வைத்துச் சற்றே ஏற்றியோ இறக்கியோ நேர்ப்படுத்துங்கள். இறுக்கும்போதும் ஸ்டட்டை ஆலன் கீயால் பிடித்துக்கொள்ள வேண்டும். இம்பாக்ட் கன்னை (நட்டை அடித்து அடித்து வேகமாகத் திருப்பும் கருவி) வைத்துச் சர்ரென்று அடித்தால் புது பால் ஜாயின்ட் உள்ளேயே சுற்றிச் சூடாகி, ரப்பர் உறை முறுக்கிக் கிழியும். இறுக்கி முடித்ததும் உறை முறுக்கில்லாமல் உருண்டையாக இருக்கிறதா என்று ஒரு பார்வை.

எவ்வளவு இறுக்குவது என்பதைச் சர்வீஸ் கையேட்டில் பார்த்துத்தான் செய்ய வேண்டும். சிறிய, நடுத்தரக் கார்களில் லிங்க் நட்டு பெரும்பாலும் 40 முதல் 70 நியூட்டன் மீட்டருக்குள் வரும். ஆனால் உங்கள் வண்டியின் எண்ணை இதை வைத்து ஊகிக்காதீர்கள். ஆலன் கீயைப் பிடித்துக்கொண்டு டார்க் ரென்ச் போட இடம் இருக்காதே என்பீர்கள். நட்டு உட்கார்ந்து ஓரளவு இறுகியதும் ஸ்டட் சுற்றுவது நின்றுவிடும். அப்போது கீயை எடுத்துவிட்டு சாக்கெட்டோடு டார்க் ரென்ச்சைப் போடலாம்.

நீள போல்ட்டு வகையில் கை நிதானம் வேண்டும். நட்டு போல்ட்டில் உள்ள தடித்த விளிம்பில் போய் நிற்கும்படி இருந்தால் அதுவரை. இல்லாவிட்டால் ரப்பர் சற்றே பிதுங்கி வாஷரின் விளிம்புக்கு வரும்வரை. அதற்கு மேல் நசுக்கினால் ரப்பர் ஓரத்தில் வெடித்துவிடும்.

பிராக்கெட் போல்ட்டுகளின் கடைசி இறுக்கு சக்கரம் தரையில் இருக்கும்போது, வண்டி தன் எடையில் உட்கார்ந்திருக்கையில் செய்ய வேண்டும் என்று பல கையேடுகள் சொல்கின்றன. தூக்கிய நிலையில் ஓரளவு இறுக்கிவிட்டு, சக்கரத்தை மாட்டி இறக்கி, ராம்பில் (சக்கரம் ஏறி நிற்கும் சாய்வு மேடை) ஏற்றியோ கை எட்டினால் அப்படியேயோ முடித்துவிடுங்கள். ராம்ப் என்றால் இரண்டு முன்சக்கரமும் ராம்பில் இருக்கட்டும்.

இறக்கிய பிறகு

வீல் நட்டுகளை எதிரெதிராக நட்சத்திர வரிசையில், கையேட்டு அளவில் இறுக்குங்கள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி லிங்க் ஹோஸிலோ வயரிலோ உரசுகிறதா பாருங்கள். பிறகு முன்பு சத்தம் வந்த அதே பாதையில், அதே வேகத்தில், ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டுங்கள். சத்தம் இன்னும் இருந்தால் முதலில் நீங்கள் இறுக்கிய நட்டுகளையே சந்தேகப்படுங்கள். தளர்ந்த லிங்க் நட்டு தேய்ந்த லிங்க்கைப் போலவே அச்சாகத் தட்டும். நட்டெல்லாம் சரி, ஆனாலும் தட்டுகிறது என்றால், வண்டி தரையில் நிற்க ஒருவர் ஸ்டியரிங்கை மெல்ல இடதுவலமாகத் திருப்பட்டும். நீங்கள் ஸ்ட்ரட்டின் ஸ்பிரிங்கில் கை வைத்துப் பாருங்கள். ஸ்பிரிங் சுருள் சீராகத் திரும்பாமல் தேங்கித் தேங்கி வெட்டென்று குதித்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது மேல் மவுன்ட்.

50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு வீல் நட்டு, லிங்க் நட்டு, பிராக்கெட் போல்ட்டு மூன்றையும் டார்க் ரென்ச்சால் இன்னொரு முறை சரிபாருங்கள். அப்போதும் வண்டி சமதளத்தில், நாலு சக்கரமும் தரையில்.